முருங்கன் நிலத்தடி நீரும் அருவியாற்று வடிநிலமும்

ஈழநாட்டின் வடமேற்குக் கரையிலே மாதோட்டம் எனப் பெயர் பெற்று விளங்கிய நிலப்பகுதியின் வரலாறு, பெரும்பாலும் ஒரு துறைமுகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துளது. மாந்தைத் துறைக்கு வந்த மரக்கலங்களும், சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரமும், மன்னார்க் கடலின் முத்துச் சலாபமும் அறிஞர் கருத்தை முதலிற் கவர்ந்தமை இயல்பே. 1980 முதல் 1984 வரை மாந்தையிலே ஜோன் காஸ்வெல் நடத்திய அகழாய்வும், பல நாட்டு வாணிகம் ஓரிடத்தே கூடியதனையே மிகுதியும் புலப்படுத்திற்று. ஆனால் துறைமுகத்து மக்கள் உண்ட நெல்லும் பருகிய நீரும் கடல் வழியே வந்தனவல்ல. அவை துறைக்குப் பின்புறத்தேயுள்ள வயல்நிலத்திலிருந்து வந்தவை. அவ்வயல்நிலத்தின் நடுவே இன்று முருங்கன் அமைந்துளது.

முருங்கனின் நீர் இரு நிலைகளில் உள்ளது. ஒன்று கண்ணுக்குப் புலனாவது. ஆறாகவும் அணையாகவும் குளமாகவும் வாய்க்காலாகவும் வருவது. மற்றையது நிலத்தின் கீழே சுண்ணக்கற் படுகையிலே தங்கியிருப்பது. முன்னதன் வரலாறு ஒன்றரை ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது. ஓரளவு எழுதப்பட்டும் உளது. பின்னதன் வரலாறு அரை நூற்றாண்டுக்குச் சற்றே மேற்பட்டது. இன்னும் செவ்வையாக எழுதப்படவில்லை. மாசு என்னும் கேள்வி எழும்போது இவ்விரு வரலாறுகளையும் ஒன்றாக வைத்தே நோக்கவேண்டும். தனித்தனியே நோக்கினால் கிடைக்கும் விடை பிழையாகிவிடும் என்பதற்குக் காரணங்கள் உள.

தம்புள்ளைக்கு அண்மையான மேட்டு நிலங்களிலே தோன்றி, அனுராதபுரத்தின் ஊடாகப் பாய்ந்து, அரிப்புக்கு அண்மையிலே கடலைச் சேரும் ஆற்றினைச் சிங்கள மக்கள் மல்வத்து ஓயா என்றும் தமிழ் மக்கள் அருவியாறு என்றும் வழங்குவர். மகாவமிசத்திலே கதம்ப நதி எனக் குறிக்கப்படுவதும் இதுவே. நீளம் 164 கிலோமீட்டர். மகாவலிக்கு அடுத்து இந்நாட்டின் மிக நீண்ட ஆறு. இதன் வடிநிலம் 3,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. மேற்பகுதி வடமத்திய மாகாணத்திலும் கடைப்பகுதி வடமாகாணத்திலும் அடங்கும். ஒரே ஆற்றுக்கு இரு பெயர் வழங்குவது போலவே, அதனை ஆளும் அலுவலகங்களும் இரண்டாகப் பிரிந்துள்ளன.

இந்த ஆற்றினை முழுதாக ஒரு பொருளாகக் கொண்டு பண்டைக் காலத்தார் செயலாற்றினர் என்பதற்குக் கட்டுக்கரைக்குளமே சான்று. ஆங்கிலேயர் இதனைப் பூதவாவி என்னும் பொருள்பட அழைத்தனர். ஐந்தாம் நூற்றாண்டிலே ஆண்ட தாதுசேனன் அமைத்ததாகச் சூளவமிசம் கூறும் வாவிகளுள் இதுவும் ஒன்றென ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். அருவியாற்றின் குறுக்கே தேக்கம் என்னுமிடத்திலே கல்லணை கட்டி, நீரை மறித்து, நெடிய கால்வாய் வழியே குளத்துக்குக் கொணர்ந்தனர். குளத்தின் நீர் நேராக வயலுக்குச் செல்வதன்று. நூற்றுக்கு மேற்பட்ட சிறு குளங்களுக்குப் பங்கிடப்பட்டு, அவற்றினின்று 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயல்களுக்குப் பாய்கின்றது. மேலே ஒரு குளத்திலே கலந்தது கீழே எத்தனை ஊர்களுக்குச் செல்லும் என்பதை எண்ணிப் பார்க்க இவ்வமைப்பே போதும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இக்குளத்தைக் கண்ட பிரித்தானியர் சிலர் ஒரு விந்தையான முடிவுக்கு வந்தனர். கால்வாயின் மட்டம் பிழை என்றும், பழைய பொறியாளர் கணக்குத் தவறியமையாலே குளம் நீர் நிரம்பாது கைவிடப்பட்டது என்றும் எழுதினர். பின்னர் கருவி கொண்டு மட்டம் பார்த்தபோது பழையவர் கணக்கே சரியென்று தெரியவந்தது. அந்நூற்றாண்டின் இறுதியிலே குளம் திருத்தப்பட்டு மீண்டும் நீர் கொண்டது. அளந்து பாராமல் மேலிருந்து நோக்கித் தீர்ப்புக் கூறுவது எத்துணை இடருடையது என்பதற்கு இக்கதை நல்ல எடுத்துக்காட்டு. நிலத்தடி நீரைப் பற்றிய பேச்சிலே இது மீண்டும் நினைவுக்கு வரும்.

அருவியாற்று வடிநிலம் இயற்கை வகுத்த எல்லையோடு நின்றதுமில்லை. தாதுசேனன் காலத்துக் கலாவாவியிலிருந்து ஏறத்தாழ 87 கிலோமீட்டர் நீளமான ஜய கங்கை என்னும் கால்வாய் அனுராதபுரத்துத் திசவாவிக்கு நீர் கொணர்ந்தது. கலா ஓயா வேறொரு ஆறு. அதன் நீர் இவ்வாறே ஐந்தாம் நூற்றாண்டு முதல் அருவியாற்றின் வடிநிலத்தை வந்தடைந்தது. 1976ஆம் ஆண்டிலே பொல்கொல்லையில் மகாவலி திருப்பப்பட்டது. அத்திருப்பத்தின் நீர் கலாவாவிக்கும் அனுராதபுரத்தைச் சூழ்ந்த நாச்சதூவை, நுவரவாவி முதலிய குளங்களுக்கும் சென்றது. ஆகவே கண்டி மலைச்சாரலின் நீரும் இன்று அருவியாற்றோடு உறவுடையது. முருங்கன் உழவன் ஒருவன் வாய்க்காலில் கைகழுவும் நீரிலே, தேயிலைத் தோட்டத்தின் மழையும் வடமத்திய மாகாண வயலின் வடிநீரும் கலந்திருத்தல் கூடும். பொறியியற் பெருமையாகப் பேசப்படும் இச்செய்திக்கு மற்றொரு முகமும் உண்டு. வடிநிலங்கள் இணையுந்தோறும் மாசு வரும் வழிகளும் இணைகின்றன.

இனி நிலத்தின் கீழே செல்லலாம்.

இலங்கையின் பெரும்பகுதி மிகப் பழைய பளிங்குப் பாறைகளாலானது. புத்தளத்துக்கு வடக்கேயிருந்து யாழ்ப்பாணம் வரை, கரையோரமாக மட்டும், மயோசீன் காலத்துச் சுண்ணக்கல் படிந்துள்ளது. இச்சுண்ணக்கல்லிலே ஆழமான நீர்ப்படுகைகள் ஏழு இனங்காணப்பட்டுள்ளன. வண்ணாத்திவில்லு, கொண்டச்சி, முருங்கன், முழங்காவில், பரந்தன், கிளிநொச்சி, முல்லைத்தீவு என அவை பெயர் பெறும். மண்ணியலறிஞர் சி. ஆர். பாணபொக்கை இந்நாட்டு நிலத்தடி நீரை ஆறு வகையாகப் பகுத்தபோது, யாழ்ப்பாணத்தின் ஆழங்குறைந்த சுண்ணக்கல் நீரை ஒரு வகையாகவும், இவ்வாழ்ந்த மூடிய படுகைகளை வேறொரு வகையாகவும் வைத்தார். கல் ஒன்றே, நீரின் நிலை வேறு. இந்த வேறுபாட்டிலேதான் முருங்கன் பற்றிய கேள்வி தங்கியுளது.

யாழ்ப்பாணத்திலே சுண்ணக்கல்லின்மீது செம்மண் சிறிதளவே மூடியிருக்கும். பல இடங்களில் கல்லே வெளித்தெரியும். மழை நேரே உள்ளிறங்கும். கிணற்று நீர்மட்டம் சில நாட்களிலே உயரும். முருங்கனிலோ சுண்ணக்கற் படுகையின்மீது நீர் எளிதிற் புகாத படைகள் மூடிபோல அமைந்துள்ளன. கீழேயுள்ள நீர் அழுத்தத்துக்குட்பட்டு நிற்கின்றது. துளையிட்டால் படுகையின் மேல்மட்டத்துக்கும் மேலாக எழும்பும். மூடியிருப்பதால் மேலேயுள்ள அழுக்கு கீழே செல்லாது என்று கருதுவது வழக்கம். இக்கருத்தில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மையன்று.

மூடிய படுகைக்கும் நீர் எங்கோ ஓரிடத்தில் உட்புக வேண்டும். புகாவிடின் அது வற்றிப்போகும். புகுமிடம் விளிம்பு. முருங்கனுக்குக் கிழக்கே, பளிங்குப் பாறை முடிந்து சுண்ணக்கல் தொடங்கும் எல்லையிலே, மூடி மெலிந்தோ அற்றோ இருக்கும் இடங்களில் நீர் உள்ளிறங்கும். அவ்வெல்லையைக் கடந்தே ஆறும் கால்வாயும் மேற்கு நோக்கி வருகின்றன. ஆகவே மழைநீர் மட்டுமன்றி ஆற்றுநீரும் வாய்க்காற் கசிவும் படுகைக்குட் செல்ல வாய்ப்புண்டு. கிணறு முருங்கனில் இருக்க, அதன் வாயில் வேறொரு பிரிவிலோ வேறொரு மாவட்டத்திலோ இருக்கலாம் என்பதே இதன் பொருள். கிணற்றைச் சுற்றி வேலியடைத்துக் காப்பதனால் மட்டும் பயனில்லை.

முருங்கன் மண்ணும் தனித்து நோக்கத்தக்கது. கட்டுக்கரைக்குளத்தின் கீழ்ப் பரந்துள்ள கருங்களிமண், இலங்கை மண்வகைகளுள் அரிதான ஒன்று; மண்ணியல் நூல்களில் முருங்கனின் பெயராலேயே குறிக்கப்படுவது. மாரியிலே சேறாகி நீரைப் பிடித்து வைக்கும், நெல்லுக்கு ஏற்றது. கோடையிலே காய்ந்து, கால் புதையுமளவு பிளந்து வெடிக்கும். காங்கேசன்துறையிலே 1950இல் நிறுவப்பட்ட சீமெந்துத் தொழிற்சாலைக்கு வேண்டிய களிமண் முருங்கனிலிருந்தே சென்றது. 1914இல் திறக்கப்பட்ட தலைமன்னார்ப் புகையிரதப் பாதை வழியே மதவாச்சிக்குப் போய், அங்கிருந்து வடக்கே திரும்பி, வடகோடிக் கரையை அம்மண் அடைந்தது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லும் முருங்கன் களிமண்ணும் ஒரே உலையில் வெந்து சீமெந்தாயின. 1990இல் போர் காரணமாக ஆலையும் பாதையும் நின்றன. பாதை மட்டும் 2015இல் தலைமன்னார் வரை மீண்டும் திறக்கப்பட்டது. இரு பொருளும் இருவேறு நீர்ப்படுகைகளின் உறுப்புகள் என்பதைச் சீமெந்து வேண்டியோர் எண்ணியிருக்க நியாயமில்லை. ஓரிடத்திலே நீர் தங்கும் கல் வெட்டப்பட்டது. மற்றோரிடத்திலே நீரைக் காக்கும் மூடியின் மேற்படை வாரப்பட்டது.

ஒரு நிலத்தடி நீர் மாசடையும் இடர் எவ்வளவு என்பதை எவ்வாறு மதிப்பிடுவது? 1968ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டு அறிஞர் ஜான் மார்கா, நிலத்தடி நீரின் மாசுறும் இயல்பு என்னும் கருத்தைத் தனியொரு கருத்தாக நிறுத்தினார். மாசுப்பொருள் அங்கே உண்டா இல்லையா என்பது வேறு. மாசு வந்தால் அந்நிலம் அதனைத் தடுக்குமா விடுமா என்பது வேறு. முன்னது மனிதர் செய்வது; பின்னது நிலத்தின் குணம். இரண்டும் கூடுமிடத்திலேயே இடர் உண்டாகின்றது. அந்நீரை எத்தனை பேர் நம்பியுள்ளனர் என்பதையும் சேர்த்துக்கொண்டால் இடரின் அளவு தெளிவாகும்.

1987இல் அமெரிக்க நாட்டுச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனத்தின் வாயிலாக டிராஸ்டிக் என்னும் முறை வெளிவந்தது. ஏழு பண்புகளின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துக்களைக் கூட்டி அமைத்த பெயர் அது. நீரின் ஆழம், உட்புகும் நீரின் அளவு, படுகையின் பொருள், மேல்மண், நிலச்சரிவு, இடைப்படையின் தன்மை, நீர் கடத்தும் திறன் என்பனவே அவ்வேழும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை புள்ளி கொடுத்து, அதனதன் முக்கியத்துவ எண்ணாற் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டவேண்டும். தொகை பெரிதாயின் நிலம் எளிதில் மாசுறும். பள்ளி மாணவனும் செய்யக்கூடிய கணக்கு. உலகெங்கும் பரவியதற்கு இந்த எளிமையும் ஒரு காரணம்.

இக்கணக்கை முருங்கனுக்குப் போட்டுப் பார்த்தல் பயனுடையது. இடைப்படைக்குரிய முக்கியத்துவ எண் 5. மூடிய படுகையாயின் அம்மூடிக்கு 1 புள்ளியே கொடுக்கவேண்டும் என்பது விதி, பெருக்கினால் 5. பயப்பட ஒன்றுமில்லை என்று தோன்றும். மேல்மண்ணுக்கு வரும்போதுதான் நிலமை மாறுகின்றது. சுருங்காத களிமண்ணுக்கு அம்முறை 1 புள்ளி தருகின்றது. காய்ந்து சுருங்கி வெடிக்கும் களிமண்ணுக்கோ 7 புள்ளி. பொதுக் கணக்கிலே மேல்மண்ணின் முக்கியத்துவ எண் 2. பீடைநாசினிகளுக்கென வகுத்த தனிக்கணக்கிலே அது 5. எனவே முருங்கன் வயலைக் களிமண் என்று மட்டும் எழுதிச் செல்பவர் பொதுக் கணக்கில் 2 என்றும் பீடைநாசினிக் கணக்கில் 5 என்றும் பெறுவார். ஆவணி மாதத்திலே அவ்வயலில் நடந்து வெடிப்புகளைக் கண்டவர் 14 என்றும் 35 என்றும் பெறுவார். முறை ஒன்றே, மண்ணும் ஒன்றே. வேறுபாடு நிலத்தை அறிந்ததிலும் அறியாததிலும் உள்ளது. கட்டுக்கரைக் கால்வாயின் மட்டத்தைப் பிழையென்றவர் செய்த தவறு வரைபடத்திலும் நிகழக்கூடும்.

வெடிப்பு வழியே இறங்கும் நீர் ஆழ்ந்த மூடியையும் கடந்துவிடும் என்று கொள்ள வேண்டியதில்லை. மேற்படையிலேயே தங்கும் நீரும் உண்டு. ஊர்க்கிணறுகள் பல அந்த ஆழமற்ற நீரையே நம்பியுள்ளன. ஆனால் மூடியிலே மனிதர் செய்த துளைகள் இருக்குமாயின் மேல்நீர் கீழ்நீரை அடைவதற்கு வேறு தடையில்லை. ஒவ்வொரு குழாய்க்கிணறும் மூடியில் இட்ட ஒரு துளை. நன்கு கட்டி, குழாயின் புறத்தே சீமெந்து அடைத்து வைத்த துளை ஊறு செய்யாது. துருப்பிடித்து, தலை உடைந்து, மண்மூடிக் கைவிடப்பட்ட துளை வெளிப்படையான வாயிலாகும். 1983 முதல் 2009 வரை நீடித்த போரிலே இப்பகுதி மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். வீடும் கிணறும் கவனிப்பாரற்றுக் கிடந்தன. மீள்குடியேற்றத்தின்போது புதிய கிணறுகளும் புதிய மலகூடக் குழிகளும் விரைவிலே தோன்றின. பழைய துளைகளைத் தேடி அடைக்கும் வேலை, புதியவற்றைத் திறந்துவைக்கும் வேலையைப் போலப் புகழ் தருவதன்று.

அருவியாற்றுக்குத் தெற்கே முசலிப் பக்கத்திலே நிலை வேறு. கொண்டச்சி, சிலாவத்துறைப் பகுதிகளில் செம்மணல் நிலம் பரந்துள்ளது. அங்கே நீர் தங்குதடையின்றி இறங்கும். பசளையும் அவ்வாறே இறங்கும். ஆற்றின் இருகரையிலும் உள்ள இவ்விரு மண்ணுக்கும் ஒரே விதியை எழுதினால் ஒரு கரைக்கு அது பொருந்தாது.

யாழ்ப்பாணத்தின் அனுபவம் இங்கே உதவும். அங்கே வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு முதலியவை பயிராகும் தோட்டங்களிலே பசளையும் எருவும் மிகுதியாக இடப்பட்டன. மலகூடக் குழிகள் கிணறுகளுக்கு அருகே நெருங்கின. 1980களிலேயே கிணற்று நீரில் நைத்திரேற்று மிகுதியாயுள்ளதென ஆய்வாளர் எழுதத் தொடங்கினர். உலக சுகாதார நிறுவனம் லீற்றர் ஒன்றுக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என வரையறுத்த எல்லையைப் பல தோட்டக் கிணறுகள் கடந்தன. நைத்திரேற்றை மண் பிடித்துவைப்பதில்லை. களிமண் துணிக்கைகளைப் போல அதுவும் எதிரேற்றம் உடையதாதலின், நீரோடு நீராகச் சென்றுவிடும். நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கைக்குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை அது குறைக்கும். எண்ணெய் கலந்தால் மூக்கு அறியும். நைத்திரேற்றை அளவைக்கூடமே அறியும்.

எண்ணெய் கலந்த வரலாறும் யாழ்ப்பாணத்துக்கு உண்டு. சுன்னாகத்து அனல்மின் நிலையத்தின் கழிவெண்ணெய் சூழவுள்ள கிணறுகளை மாசுபடுத்தியது தொடர்பான வழக்கிலே, உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 4ஆம் நாள் தீர்ப்பளித்து, மின்னுற்பத்தி நிறுவனம் ஒன்று பாதிக்கப்பட்டோருக்கென 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த ஆணையிட்டது. இவ்வழக்கிலே கவனிக்கத்தக்கது தொகையன்று. எண்ணெய் எங்கிருந்து வந்தது, எவ்வளவு தூரம் சென்றது, எந்தக் கிணறு எப்போது மாசுற்றது என்பனவே வாதத்தின் உயிர்நிலையாயின. மாசுறுவதற்கு முன் எடுத்த அளவுகள் இருந்திருப்பின் அவ்வாதம் சுருங்கியிருக்கும். முருங்கனுக்கு அந்தக் காலம் இன்னும் கடந்துவிடவில்லை.

முருங்கன் நீரை முருங்கன் மக்கள் மட்டும் பருகுவதில்லை என்பதும் நினைவில் இருத்தற்குரியது. மன்னார்த் தீவின் மணற்பரப்பிலே தங்கும் நன்னீர் மெல்லிய வில்லைபோலக் கடல்நீரின்மீது மிதப்பது. அதிகம் இறைத்தால் உவராகும். ஆதலின் மன்னார் நகருக்கு வேண்டிய குழாய்நீர் முருங்கன் பகுதி ஆழ்கிணறுகளிலிருந்து கொண்டுசெல்லப்படுகின்றது. 2008இல் ஆசிய வளர்ச்சி வங்கி கடனுதவி வழங்கிய வறண்ட வலய நகர நீர்வழங்கல் திட்டத்திலே வவுனியா, புத்தளம், சிலாபம் என்பவற்றுடன் மன்னாரும் இடம் பெற்றது. நகருக்காக நீர் இறைக்குந்தோறும் படுகையின் அழுத்தம் தளரும். அழுத்தம் தளர்ந்தால் மேலேயிருந்து கசிவு விரைவுபெறும். மேற்கேயிருந்து உவர்நீர் நெருங்கும். இறைப்பதும் மாசுறுவதும் இருவேறு காரியங்கள் போலத் தோன்றினும், அளவுக்கு மிஞ்சி இறைப்பதே மாசை அழைக்கும் வழியாகிவிடும்.

ஆற்றின் மேற்பகுதியிலே வேறொரு துயரம் நிகழ்ந்து வருகின்றது. 1990களில் வடமத்திய மாகாணத்திலே, மதவாச்சி முதலிய பகுதிகளில், நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ காரணமாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் உழவரிடையே பரவியிருப்பது கண்டறியப்பட்டது. உலக சுகாதார நிறுவனமும் சுகாதார அமைச்சும் சேர்ந்து ஆராய்ந்தன. கடினநீர், புளோரைட்டு, கட்மியம், ஆசெனிக்கு, பீடைநாசினி, வெயிலில் நீரின்றி உழைத்தல் எனப் பல காரணங்கள் கூறப்பட்டன. அறிஞரிடையே ஒருமித்த முடிவு ஏற்படவில்லை. கிளைபோசேற்று என்னும் களைநாசினி 2015இல் தடைசெய்யப்பட்டுப் பின்னர் தடை தளர்த்தப்பட்டது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியே நிறுத்தப்பட்டு, அவ்வாண்டு முடியுமுன் கைவிடப்பட்டது. இரண்டும் அளவைக்கு முந்திய ஆணைகள். உழவனைத் திடீரெனத் தண்டித்தமையன்றி, எந்தக் கிணற்றில் எது குறைந்தது என்று காட்டும் பதிவு எதனையும் அவை விட்டுச் செல்லவில்லை. அந்நோயின் காரணம் நீரேயென்று துணிய இயலாது. ஆயினும் ஒரே ஆற்றின் தலைப்பகுதி மக்கள் தம் கிணற்று நீரை ஐயுற்று வாழும்போது, கடைப்பகுதி மக்கள் அதனைப் பிறர் செய்தியாகக் கேட்டிருத்தல் தகாது.

நீர்ப்படுகையைப் பங்கிட்டுக்கொள்ளும் நாடுகள் இதனை எவ்வாறு தீர்த்துக்கொண்டன என்பது அறியத்தக்கது. செனீவா நகரும் பிரான்சின் ஒட் சவுவா பகுதியும் ஒரே நிலத்தடி நீரை இறைத்து வந்தன. 1960களிலும் 1970களிலும் நீர்மட்டம் 7 மீற்றருக்கு மேல் தாழ்ந்தது. 1978இல் இரு தரப்பாரும் உடன்படிக்கை செய்து, ஆர்வ் ஆற்று நீரைத் தூய்மையாக்கிப் படுகைக்குட் செலுத்தத் தொடங்கினர், செலவையும் பகிர்ந்துகொண்டனர். தென்னமெரிக்காவிலே குவரனி என்னும் பெரும்படுகை குறித்து ஆர்சந்தீனா, பிரேசில், பரகுவை, உருகுவை என்னும் நான்கு நாடுகளும் 2010இல் உடன்பட்டன. 2008 டிசம்பரிலே ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, எல்லை கடந்த நீர்ப்படுகைகள் பற்றிய 19 விதிகள் கொண்ட வரைவைக் கவனத்திற் கொண்டு தீர்மானம் நிறைவேற்றியது. பங்காளி நாட்டுக்குக் குறிப்பிடத்தக்க தீங்கு செய்யாமை, தகவல்களை ஒழுங்காகப் பரிமாறுதல், நீர் உட்புகும் பகுதிகளைக் காத்தல் என்பன அவற்றுட் சில. இறுதியிற் கூறியது முருங்கனின் விளிம்புக்கு எழுதியது போன்றே உளது.

தமிழ்நாட்டுப் பாலாற்றின் வரலாறு இதற்கு மறுதலை. கருநாடகத்தில் தோன்றி ஆந்திரத்தைக் கடந்து தமிழ்நாட்டில் ஓடும் அவ்வாற்றின் கரையிலே, வேலூர் மாவட்டத்துத் தோல் பதனிடும் ஆலைகள் கழிவை விட்டன. 35,000 ஹெக்டேயர் அளவான நிலம் பயிருக்கு முழுமையாகவோ பகுதியாகவோ உதவாது போயிற்றென்று இந்திய உச்சநீதிமன்றம் 1996 ஆகத்து 28ஆம் நாள் தந்த தீர்ப்பிலே குறிக்கப்பட்டுள்ளது. மாசு செய்தவரே செலவேற்கவேண்டும் என்னும் நெறியும், ஐயமுள்ளபோதே காக்கவேண்டும் என்னும் நெறியும் அத்தீர்ப்பால் அந்நாட்டுச் சட்டத்தில் நிலைபெற்றன. நெறி நிலைபெற்றது, படுகை மீளவில்லை. நிலத்தடி நீர் ஆண்டுக்குச் சில மீற்றரே நகரும் இடங்களில், ஒரு தலைமுறை செய்ததை அடுத்த தலைமுறையும் கழுவி முடிப்பதில்லை.

இலங்கை தீவாதலின் பிறநாட்டோடு பங்கிடும் ஆறோ படுகையோ அதற்கில்லை. ஆனால் மாகாணங்கள் உள. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் அதிகாரங்களைப் பகிர்ந்தபோது, ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களினூடாகப் பாயும் ஆறுகளின் நீர்ப்பாசனத் திட்டங்களை மத்திய அரசிடமே விட்டது. அவ்விதி பேசுவது ஆற்றையும் பாசனத்தையும். ஆற்றின் கீழே கிடக்கும் நீரைப் பற்றியதன்று. 1964இல் சட்டமாகிய நீர்வளச் சபை ஒருபுறமும், நகருக்கு நீர் வழங்கும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை ஒருபுறமும், நீர்ப்பாசனத் திணைக்களம், கமநலம், சுற்றாடல், சுகாதாரம் என்பன வேறுபுறங்களிலும் நிற்கின்றன. ஆற்றுவடிநிலங்களை ஒவ்வொன்றாக எண்ணி, 1969இலேயே இந்நாட்டு நீர்வளம் பற்றி நூல் எழுதிய பொறியாளர் சண்முகம் ஆறுமுகம் மேல்நீருக்குச் செய்ததை, கீழ்நீருக்கு வடிநிலவாரியாகச் செய்து ஒரே ஏட்டில் பதிய இன்னும் இடமுண்டு.

அவ்வேட்டில் முதலிற் பதியவேண்டியவை பெருஞ்செலவுடையனவல்ல. முருங்கனுக்குக் கிழக்கே, சுண்ணக்கல் தொடங்கும் விளிம்பிலுள்ள கிணறுகள் எவை; கைவிடப்பட்ட குழாய்க்கிணறுகள் எங்கே; தேக்கத்து அணையிலே வந்துசேரும் நீரில் நைத்திரேற்றும் உப்பும் எவ்வளவு; அதே வாரத்தில் அனுராதபுரத்துக்குக் கீழே அவை எவ்வளவு. இரு மாகாணத்தாரும் ஒரே முறையில், ஒரே அலகில் அளத்தல் வேண்டும். காலமும் நோக்கி அளக்கவேண்டும். காலபோகத்துக்கு முந்திய ஐப்பசி மழை பெய்யத் தொடங்கும் நாட்களிலே முருங்கன் வயல்களின் வெடிப்புகள் இன்னும் திறந்திருக்கும். சில மழைகளில் களிமண் பொருமி அவை மூடிவிடும். மார்கழியிலே மாதிரி எடுக்கச் செல்பவருக்கு மூடிய நிலமும் தெளிந்த கிணறுமே தென்படும்.